பத்துக்கு எட்டு

நான் என்ன வேலை செய்கிறேன் என்று தருமபுரியில் யாராவது கேட்டால், பதிலைக் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வேன். டச்சு மொழியில் இருக்கும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை இங்கிலீஷில் மாற்றித் தருகிறேன் என்றால், அடுத்து வரும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். "டச்சுன்னா எந்த ஊருங்க?" நெதர்லாந்து என்பேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஹாலந்து என்பேன். "ஓ, பூ நாத்து வருமே, அந்த ஊரா" என்று தெளிந்துவிடுவார்கள். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்ப்பவர்கள் புண்ணியத்தில் அந்த நாட்டுக்கு இங்கே ஓரளவு மரியாதை உண்டு. கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருக்கும். "இதுக்குப் போயி சம்பளம் குடுக்கறாங்களா?"

கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சி மின்னஞ்சலில் வேலை அனுப்பும். நான் எங்கள் வீட்டு மாடியறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து முடித்து அனுப்புவேன். கணவரின் வேலைக்காக அந்த நாட்டில் சில வருஷங்கள் குடியிருந்தோம். டச்சு கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் குப்பைத் தொட்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். அவளோடு இங்கிலீஷில் சண்டை போட்டால் அவள் "ஓகே, ஓகே" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். சண்டை என்றால் அவரவர் மொழியில் உறைக்க வேண்டாமா? அந்த வீம்பில்தான் வகுப்பில் சேர்ந்தேன். உறைக்கிற மாதிரி பேச வருவதற்குள் அவள் எனக்குச் சிநேகிதியாகிவிட்டாள். படித்த படிப்பு வீணாகக் கூடாது என்று சான்றிதழ் பக்கம் வந்தேன்.

வந்த புதிதில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சொற்கள் எனக்கு நன்றாகவே தண்ணி காட்டின. அங்கே பிள்ளைகள் நாலு வயதில் பள்ளிக்குப் போகிறார்கள். முதல் வகுப்புக்கு க்ரூப் ஒன்று என்று பெயர். இப்படியே ஏறிப் போய் க்ரூப் எட்டு முடிக்கும் பிள்ளைக்கு நம் ஊர்க் கணக்கில் ஆறாம் வகுப்பு வயதுதான் ஆகியிருக்கும். இது தெரியாமல் 'எய்த் ஸ்டாண்டர்டு' என்று எழுதி வாங்கி, சின்னப் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்த பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். ஃபெயிலாகி அதே வகுப்பை மறுபடி படிப்பதற்கு அவர்கள் சொல்வதை அப்படியே பெயர்த்தால் 'உட்கார்ந்தபடியே இருத்தல்' என்று வரும். என் ஆரம்ப கால மொழிபெயர்ப்பு ஒன்றில் ஒரு பையன் ஒரு வருஷம் முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

அதைத் திருத்தி அனுப்பிய ஏஜென்சி அம்மாள் ஒரு விதி சொன்னாள். இணையான சொல்லைத் தேடாதே. அவர்கள் சொல்லை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் அது என்ன என்று விளக்கு. உன் ஊரில் அதற்கு என்ன மதிப்பு என்று நீ முடிவு செய்யாதே, படிக்கிறவர் செய்யட்டும். அவள் எழுதிய தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. விதி பிடித்துவிட்டது. அன்றிலிருந்து நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் இதைப் பிடிவாதம் என்பார். அவருக்கு நான் பேரம் பேசாமல் காய் வாங்குவதும் பிடிவாதம், பேரம் பேசி வாங்குவதும் பிடிவாதம்.

இந்த விதிக்குச் சோதனை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பதினாறு வயதுப் பெண். அப்பாவுக்கு ஐ.டி. வேலை. அந்த நாட்டில் வெகு காலம் இருந்துவிட்டு, இனி ஓசூரிலிருந்தும் வீட்டிலிருந்துமே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொன்னதும் சொந்த ஊருக்கே வந்துவிட்டார்கள். கையில் ஒரு பை நிறையத் தக்காளி. அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் தக்காளியோடுதான் வருவார்கள். விலை இருக்கும்போது கொஞ்சமாகவும் விலை இல்லாதபோது நிறையவும் வரும். பை கனத்ததைப் பார்த்ததும் அந்த வாரம் பாலக்கோடு மார்க்கெட்டில் என்ன நிலவரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெண் அங்கே முடித்திருந்தது, அந்த நாட்டில் ஏராளமான பிள்ளைகள் படிக்கும் தொழிற்கல்விப் பள்ளி. அங்கே பன்னிரண்டு வயதில் வாத்தியார் பெற்றோரைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்கு இந்த வகைப் பள்ளி பொருந்தும் என்று ஆலோசனை சொல்வார். சிலருக்குப் பல்கலைக்கழகம் நோக்கிப் போகும் பள்ளி, சிலருக்குக் கையால் செய்து கற்கும் பள்ளி. இந்தப் பெண்ணுக்கு இரண்டாவது. அதில் அவள் எடுத்த பிரிவின் பெயர் க்ரூன். க்ரூன் என்றால் பச்சை. செடி வளர்ப்பு, கண்ணாடிக் குடில், அறுவடை, அடுக்குவது, விற்பது என்று எல்லாம் அதில் அடக்கம். நம் பத்தாம் வகுப்பு வயதில் அதை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். இனி பதினொன்றில் சேர வேண்டும்.

"மேடம், ஒரு சின்ன ஒத்தாசைங்க," என்றார் அப்பா. "நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல பேசி வெச்சிருக்கேன். பயாலஜி குரூப். நீங்க இங்கிலீஷ்ல போடறப்ப க்ரூன்ங்கறத பயாலஜின்னு போட்டுடுங்க."

"க்ரூன்னா பயாலஜி இல்லீங்களே."

"பச்சைன்னா செடி. செடின்னா பாட்டனி. பாட்டனின்னா பயாலஜியில பாதி. ரவுண்டா பயாலஜின்னு போட்டா தப்பில்லைங்களே."

நாலே படியில் ஆள் பச்சையிலிருந்து டாக்டர் சீட்டு வரைக்கும் ஏறிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். இங்கிலீஷில் எட்டு, கணக்கில் ஏழு, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ஒரு பாடத்தில் ஏழு, டச்சில் ஆறு, க்ரூனில் எட்டு. உயிரியல் என்ற பாடத்தை அவள் எடுக்கவே இல்லை. இல்லாத பாடத்தை நான் எங்கிருந்து கொண்டு வருவேன்?

"என்னால முடியாதுங்க. விளக்கம் எழுதறேன். பேரை மாத்த மாட்டேன்," என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் முகம் சுண்டிப்போனது. மனைவி தக்காளிப் பையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதுவரை சும்மா இருந்த பெண் என்னிடம் டச்சில் பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். அவள் டச்சில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் அலட்சியமும் வேகமும் அப்படியே இருந்தன. மாவட்டத்திலேயே அரசுப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பில் வேளாண்மைப் பிரிவு இருக்கிறதாம். விசாரித்து வைத்திருக்கிறாள். அதில் சேர்ந்து, பிறகு கல்லூரியிலும் வேளாண்மையே படிக்க வேண்டும். நாமக்கல் வேண்டாம். இதைத் தமிழில் சொன்னால் அப்பா பாதியிலேயே நிறுத்திவிடுகிறார் என்றாள்.

அம்மாவுக்கு டச்சு புரிந்தது. அந்த நாட்டில் பள்ளிக்கூட வாசலிலும் கடையிலும் புழங்கியவர். அப்பா ஆபீஸில் இங்கிலீஷிலேயே காலம் தள்ளியவர், அவருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே அவருக்குப் போதுமாக இருந்தது.

"வெவசாயந்தான் படிக்கணும்னா எங்க வூட்டுத் தோட்டத்துலயே படிச்சிருக்கலாமே. அதுக்கு எதுக்குங்க ஃப்ளைட் ஏறிப் போகணும்?" என்றார்.

பெண்ணின் பையிலிருந்து இன்னொரு தாள் எட்டிப் பார்த்தது. பயிற்சி அறிக்கை என்றாள். அந்தப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையும் நிஜமான ஒரு வேலையிடத்தில் சில வாரம் வேலை செய்ய வேண்டும், முடிவில் முதலாளி மதிப்பீடு எழுதித் தருவார். "அது வேண்டாங்க. மார்க் லிஸ்ட் மட்டும் போதும்," என்று அப்பா முந்திக்கொண்டார். ஒரு தாளைக் கொடுக்காமல் விடுவது அவர் உரிமை. அவள் தாளை மடிக்காமல் பத்திரமாக உள்ளே தள்ளினாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா மெதுவாகச் சொன்னார். "நல்ல எடமா கெடைக்கணும்னு தீர்த்தமலைக்கு வேண்டிக்கிட்டு இருக்கேங்க்கா. எந்த ஸ்கூலுன்னு சாமிகிட்ட சொல்லல. சொன்னா வூட்ல சண்டை வரும்." எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது.

மதிப்பெண் பட்டியலை மொழிபெயர்த்து, க்ரூனை க்ரூனாகவே வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதினேன். மதிப்பெண்ணைப் பற்றியும் கீழே ஒரு குறிப்பு போட்டேன். அந்த நாட்டில் பத்துக்குப் பத்து யாருக்கும் விழாது, ஒன்பது அபூர்வம், எட்டு வாங்கினால் வீட்டில் கேக் வெட்டுவார்கள், ஆறு என்றால் தேறிவிட்டாய் போய் விளையாடு என்று பொருள். இவ்வளவையும் கௌரவமான இங்கிலீஷில் எழுதினேன், கேக்கை மட்டும் விட்டுவிட்டு.

அச்செடுக்க நான் போவது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பாயின் கடை. ஜெராக்ஸ், டி.டி.பி., லேமினேஷன் எல்லாம் அங்கேயே. பரீட்சை ரிசல்ட் வந்தால் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களின் ஃப்ளெக்ஸ் பாதி அவர் கம்ப்யூட்டரிலிருந்துதான் கிளம்பும். பிள்ளைகளின் முகத்தை வரிசையாக வைத்து, பக்கத்தில் மார்க்கை முகத்தை விடப் பெரிதாகப் போடுவதில் கைதேர்ந்தவர். என் தாளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"புள்ள ஏழுலயே நிக்குதே மேடம். ஒரு சைபர் வுட்டுப் போச்சா?"

"அங்க பத்துக்குத்தான் பாய் போடுவாங்க. எட்டே பெரிய மார்க்கு. பத்து யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"யாருக்குமேவா?" தாளைத் திருப்பி மறுபடி பார்த்தார். "அப்ப அந்த ஊர்ல ஃப்ளெக்ஸ் கடை ஓடாதுங்க."

அவர் சொன்னது சிரிப்புக்குத்தான். ஆனால் அந்த ஏழும் எட்டும் நாமக்கல்லில் எப்படிப் படிக்கப்படும் என்று எனக்கு அப்போதே கவலை பிடித்துக்கொண்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் மறுபடி வந்தார்கள். இந்த முறை தக்காளி இல்லை. அந்தப் பள்ளி அலுவலகத்தில் என் குறிப்பை யாரும் படிக்கவில்லை. எல்லாவற்றையும் பத்தால் பெருக்கி, அறுபது, எழுபது என்று பக்கத்தில் பேனாவால் எழுதி, இந்த மார்க்குக்கு எங்கள் பள்ளியில் இடம் கஷ்டம் என்றிருக்கிறார்கள். அப்பா கெஞ்சியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளை என்பதால் கடைசியில் இறங்கி வந்திருக்கிறார்கள். க்ரூன் என்ற பாடம் உயிரியலுக்குச் சமம் என்று மொழிபெயர்த்தவரிடமே ஒரு கடிதம் வாங்கி வந்தால் இடம் உண்டு. திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருப்போம் என்றார்களாம்.

"உங்க கையிலதாங்க இருக்குது," என்றார் அப்பா. "ஒரே ஒரு வரி."

அந்த ஒரு வரியை எழுதினால் அந்தப் பெண் திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குப் போவாள். எழுதாவிட்டால் இடம் போய்விடும், அந்தப் பழி என் தலையில் விழும். பெண் என்னைப் பார்க்காமல் என் அலமாரியில் இருந்த அகராதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஏஜென்சி அம்மாளையே ஒரு போன் போட்டுத் திட்டலாம் போலிருந்தது. உன் ஊரில் அதற்கு என்ன மதிப்பு என்று நீ முடிவு செய்யாதே என்று அங்கே உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டாள்.

"சமம்னு எழுத மாட்டேங்க," என்றேன். "அந்தப் பாடத்துல என்னென்ன செஞ்சான்னு எழுதித் தரேன். படிச்சுப் பாத்துட்டு அவங்க முடிவு பண்ணட்டும்."

"சரி, அதையாவது நல்லா எழுதுங்க."

"நல்லா எழுதணும்னா அந்தப் பயிற்சி அறிக்கை வேணும்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் கேட்பதற்கு முன்பே தாளை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டாள்.

வழக்கமாக நான் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவள். அன்றைக்கு நேரமில்லை. நான் டச்சில் ஒரு வரி படித்து, அது சரிதானா என்று பெண்ணிடம் கேட்டு, அப்பா அம்மாவுக்காகத் தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் அடிப்பது என்று நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவள் வேலை பார்த்தது ஒரு தக்காளிக் குடிலில். கண்ணாடிக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகச் செடி. முதல் வரியில், செடியைக் கயிற்றில் சுற்றி மேலே ஏற்றிவிடுவது. இரண்டாவதில், பக்கத்தில் கிளம்பும் கொழுந்தைக் கிள்ளுவது. மூன்றாவதில், அடியிலை எடுப்பது. இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் முழுக்கத் தேவைப்பட்டது. தமிழில் நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார்.

பெட்டியில் அடுக்குவது பற்றிய வரியில் நான் தடுமாறினேன். பழத்தை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று டச்சில் இருந்தது எனக்குப் பிடிபடவில்லை. பெண் கையால் காட்டினாள். அப்போதும் புரியவில்லை.

"இப்பிடி குடுங்க," என்று அப்பா மேசை மேலிருந்த பேனா மூடி, சாவிக்கொத்து, என் மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் எடுத்து அடுக்க ஆரம்பித்தார். "காம்பு கீழ பாக்கணுங்க. மேல பாத்தா அடுத்த வரிசைப் பழத்தக் குத்திடும். குத்துன பழம் மார்க்கெட்டுக்குப் போறதுக்குள்ள தண்ணி வுட்ரும். எங்கண்ணன் இப்பிடித்தான் அடுக்குவாரு. நான் ஸ்கூலுக்குக் கெளம்பற நேரத்துல, நான் மாத்தி வெச்சதெல்லாம் எடுத்து மறுபடி அடுக்குவாரு."

சொல்லிக்கொண்டே வந்தவர் கையில் சாவிக்கொத்தோடு நின்றுவிட்டார். மேசையில் இருந்த டச்சுத் தாளையும் தான் அடுக்கியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் முதலாளி தன் கையால் எழுதிய வரிகள் இருந்தன. இந்தப் பெண் காலையில் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். எந்தப் பழம் இன்றைக்கு, எந்தப் பழம் நாளைக்கு என்று தொட்டே சொல்கிறாள். எங்கே கற்றாய் என்று கேட்டேன், விடுமுறைக்குப் போகும்போது ஊரில் என் பெரியப்பாவிடம் என்றாள். எந்தக் கோடையிலும் இவளுக்கு என்னிடம் வேலை உண்டு. மதிப்பெண் எட்டு.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். பிறகு அப்பா பேசினார், என்னைப் பார்த்துத்தான், ஆனால் என்னிடம் இல்லை.

"எங்கண்ணன் எட்டாவதோட நின்னுட்டாருங்க. நான் படிக்கணும்னு அவரு தோட்டத்துல நின்னாரு. நீயாவது இந்த மண்ணுல இருந்து தப்பிச்சுப் போடான்னு சொல்லித்தான் அனுப்புனாரு. இப்பப் போயி அவரு முன்னாடி, என் பொண்ணு ஹாலந்துல தக்காளி அடுக்கப் படிச்சிருக்குன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? அவரு பட்டதுக்கு என்னங்க அர்த்தம்?"

எனக்கு அதுவரை அவர் மேல் இருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிதர் டாக்டர் சீட்டுக்கு ஆசைப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மனைவிதான் பதில் சொன்னார். "அவரு செஞ்ச வேலைக்கு இங்க யாரும் ஒரு துண்டுச் சீட்டு கூட எழுதிக் குடுக்கல. அதே வேலைக்கு அந்த ஊர்க்காரன் உங்க பொண்ணுக்கு மார்க்குப் போட்டுக் குடுத்திருக்கான். அத நீங்க மறைக்கச் சொல்றீங்க. உங்கண்ணன் மனசு எதுல நோவும்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். நான் விளக்கத்தை அடித்து முடித்தேன். சமம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. இரண்டு பக்கம் வந்தது. பாயின் கடையில் அச்செடுக்கலாம் என்று நான் எழுந்தபோது அவர், "மேடம், தமிழ்லயும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க," என்றார். "எங்கண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரு படிச்சு என்ன சொல்றாரோ, அதான். நாமக்கல்லா, இங்கயாங்கறத அவரே சொல்லட்டும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஞாயித்துக்கெழம நீங்களும் வாங்க. எதாவது கேட்டாருன்னா எனக்கு பதில் சொல்ல வராது," என்றார்.

டச்சிலிருந்து தமிழுக்கு நான் அதற்கு முன்பு ஒரு வரி கூட மொழிபெயர்த்ததில்லை. யாரும் கேட்டதில்லை. இங்கிலீஷில் இரண்டு பக்கம் பிடித்த விஷயம் தமிழில் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. விளக்கம் எழுதுவதற்கு எதுவுமே இல்லை. ஏதோ விட்டுவிட்டேனோ என்று பயந்து இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் கிராமத்தில் போய் இறங்கியபோது, பெண்ணின் பெரியப்பாவான அந்தப் பெரியவர் களத்தில் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் என்று சொன்னாலும் என்னை விட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். தம்பி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். நாமக்கல்லைச் சொன்னார், திங்கட்கிழமையைச் சொன்னார், மகள் கேட்கும் உள்ளூர் வேளாண்மைப் பிரிவைச் சொன்னார், க்ரூனைச் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. பிறகு தாளை நீட்டினார். அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, வேன் மேல் சாய்ந்து, உதடு அசையப் படித்தார். ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் ஆகுமா என்று எனக்குத் தோன்றியது. தம்பி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் தன் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்துவிட்டு அவர் என்னைத்தான் கேட்டார். "எட்டுன்னு போட்டிருக்குது. எத்தனைக்குங்க?"

"பத்துக்குங்க."

"மீதி ரெண்டு எங்க போச்சு?"

தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியிலிருந்து யாரால் தப்பிக்க முடியும்? அந்த ஊர் வழக்கத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, தம்பி மகளைக் கூப்பிட்டார்.

"இதுல ஏத்திக் கட்டறது இருக்குது, கிள்ளறது இருக்குது, அடுக்கறது இருக்குது. எல்லாம் சரி. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோறப்ப வெலையே இல்லன்னா என்ன பண்றதுன்னு அந்த வெள்ளக்காரன் சொல்லிக் குடுத்தானா?"

"இல்ல பெரியப்பா," என்றாள் அவள் தமிழில். "அங்க விலை முன்னாடியே பேசிடுவாங்க. நான் அத கேக்கல."

"அதான் ரெண்டு மார்க்கு கொறைஞ்சிருக்குது." அவர் சிரிக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பினார். "நாமக்கல்லுல நீ சொல்ற ஸ்கூல்ல தோட்டம் இருக்குதாடா?"

"ஹாஸ்டல் தாண்ணா இருக்குது."

"அப்ப அந்த ரெண்டு மார்க்க அங்க போயி எப்பிடி வாங்கும்? இங்க இருக்கற ஸ்கூல்லயே சேத்துடு. நாளைக்கே போ."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அண்ணா, நீ என்னைய அனுப்புனது..." என்று தொடங்கினார். அண்ணன் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நீ போகணும்னு நெனச்ச, போன. அது வரணும்னு நெனைக்குது, வருது," என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பெட்டியைத் தூக்கினார். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தார். தீர்த்தமலைக்குப் போக வேண்டிய வேலை இருக்கிறது என்று அந்தப் பார்வை சொன்னது.

வேன் கிளம்பும் நேரத்தில், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய தாள்களை எல்லாம் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் தம்பியிடம் சொன்னேன். இங்கிலீஷ் இரண்டு பக்கம் அவரிடம் இருந்தது. தமிழ்த் தாளை அண்ணன் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டிருந்தார். கேட்டு வாங்கலாம் என்று கையை நீட்டினேன்.

அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இங்கிலீஷ்ல இருக்கறது புள்ளைக்குங்க," என்றார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்."